லால்பாக் பாறையிலிருந்து வங்கக் கடல் வரை

பெங்களூரு லால்பாக் தோட்டத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கண்ணாடி மாளிகையையும் மலர்க் கண்காட்சியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தோட்டத்துக்குள்ளேயே திமில்போல எழுந்து நிற்கும் பாறையை, உச்சியில் கெம்பே கௌடா கோபுரம் இருப்பதால் மட்டும் சிலர் ஏறிப் பார்க்கிறார்கள். ஆனால் இந்த நகரத்தில் எல்லாவற்றுக்கும் மூத்தது அந்தப் பாறைதான். வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். மைசூர் அரசின் புவியியல் துறையில் இருந்த ஸ்மீத் இந்த வகைப் பாறைக்கு 1916-இல் 'தீபகற்ப நைஸ்' என்று பெயரிட்டார். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1975-இல் இந்த இடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்தது. கார்பனைத் தேடிப் போகும் பயணத்தை, சுற்றிலும் இவ்வளவு மரங்கள் இருக்கும்போது, ஒரு மொட்டைப் பாறையில் தொடங்கக் காரணம் உண்டு. கரியமில வாயுவைப் பற்றிப் பேசும்போது, எது எவ்வளவு இழுத்துக்கொள்கிறது என்று மட்டுமே நாம் கேட்கிறோம். இழுத்ததை எவ்வளவு காலம் பிடித்து வைத்திருக்கும் என்று கேட்பதில்லை. இந்தப் பாறையிலிருந்து நீரின் வழியே கடல்வரை இறங்கிப் பார்த்தால், இரண்டாவது கேள்விதான் பெரிய கேள்வி என்பது இடத்துக்கு இடம் உறுதியாகிறது.

மழைத்துளி காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சு அந்த அமிலத்துக்கு இன்னும் காரமூட்டுகிறது. அது பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தை மெல்ல அரித்துக் களிமண்ணாக்குகிறது. சோடியமும் கால்சியமும் கழன்று நீரோடு போகின்றன. காற்றில் இருந்த கார்பன் பைகார்பனேட்டாக உருமாறி அவற்றோடு பயணப்படுகிறது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், ஒரு நீண்ட மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர். லால்பாக் ஏரியில் நிரம்பி வழிவது கோரமங்கலா பள்ளத்தாக்கு வழியாக பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தட்சிண பினாகினியில் சேர்கிறது. ஓசூர் எல்லையைத் தாண்டியதும் அதுவே நம் தென்பெண்ணை. கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டிக் கடலூர் அருகே கடலைத் தொடுகிறது. கொஞ்சம் மேற்கே தள்ளி பசவனகுடிப் பக்கம் விழும் மழையோ விருஷபாவதியாகி, அர்க்காவதியில் கலந்து, காவிரியாக மேட்டூருக்கு வருகிறது. ஒரே மேகத்தின் நீர் மேட்டின் இருபுறமும் பிரிந்தாலும், இரண்டு வழிகளும் முடிவது தமிழகக் கடற்கரையில்தான். பெங்களூருவின் காற்றுக்கும் கழிவுக்கும் கடைசி முகவரி நம் கரையில் இருக்கிறது.

கடலுக்குப் போன பைகார்பனேட்டையும் கால்சியத்தையும் கொண்டு சிப்பிகளும் பவளங்களும் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களும் ஓடு கட்டிக்கொள்கின்றன. ஓடு உருவாகும்போது கார்பனில் பாதி மீண்டும் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. மீதிப் பாதி சுண்ணாம்புப் பாறையாகக் கடலடியில் படிந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்கிறது. பூமியின் நெடுங்கால வெப்பநிலையைக் கட்டிக்காப்பது இந்த வேதியியல்தான். உறுதியான, ஏறக்குறைய நிரந்தரமான சேமிப்பு. அதன் வேகத்தைப் பார்த்தால்தான் மனம் கனக்கிறது. உலகத்துச் சிலிகேட் பாறைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குப் பத்து, இருபது கோடி டன் கார்பன் என்ற அளவில்தான் காற்றிலிருந்து எடுக்கின்றன. நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு மூலம் மனிதர்கள் காற்றில் விடுவது ஆண்டுக்கு 1,000 கோடி டன் கார்பன். பாறை விழுங்குவதைப்போல் ஐம்பது மடங்குக்குக் குறையாமல் நாம் கொட்டுகிறோம்.

இந்த அரிப்பை ஏட்டுக் கணக்காக மட்டும் வைத்துக்கொள்ளாமல் களத்தில் அளந்து பார்க்கும் இடம் பெங்களூருவிலிருந்து கோழிக்கோடு போகும் சாலையோரக் காட்டுக்குள் இருக்கிறது. பந்திப்பூர் காட்டில் மூலெஹொளே என்ற சிற்றோடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி, சுமார் நான்கு சதுர கிலோமீட்டர். இந்திய அறிவியல் நிறுவனத்தில் இயங்கும் இந்திய-பிரெஞ்சு நீர் அறிவியல் மையம் 2003 முதல் அங்கே மழையை, ஓடை நீரை, நிலத்தடி நீரை, மண்ணின் ஆழத்தை அளந்து வருகிறது. அடியில் இருப்பது லால்பாக்கின் உறவுப் பாறையான அதே நைஸ். பெய்யும் மழையில் பெரும்பங்கை மரங்கள் உறிஞ்சி வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. பாறையைக் கழுவிக்கொண்டு ஓடையாகப் போவது சிறு பங்குதான். வெப்பமும் ஈரமும் நிறைந்த நாட்டில் பாறை வேகமாகக் கரையும் என்று பொதுவாக எண்ணுகிறோம். நீர் ஓடினால்தானே கரையும்? இயற்கையின் மிக நீண்ட சேமிப்பை நம் அவசரத்துக்கு இழுக்க முடியாது என்பதற்கு இந்த ஓடை நல்ல சாட்சி.

இனி மரங்களுக்கு வருவோம். 1870-இல் உருவான கப்பன் பூங்கா சுமார் 300 ஏக்கர். தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம்மூரில் வேர்விட்ட தூங்குமூஞ்சி மரங்கள் அங்கே சாலைக்கு மேல் கூரை போட்டிருக்கின்றன. வெயில் நேரத்தில் விதான சௌதா பக்கமிருந்து உள்ளே நுழைந்தால் காற்றே மாறிவிடும். இந்தக் குளிர்ச்சியைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் அன்று. ஆனால் கணக்கு என்று வந்தால் கணக்காகவே பார்க்க வேண்டும். பூங்காவின் ஒவ்வொரு ஹெக்டேரும் அடர்ந்த வெப்பமண்டலக் காட்டைப்போல 150 டன் கார்பனைத் தாங்கி நிற்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 18,000 டன் வருகிறது. பெங்களூருவில் ஒரு கோடியே முப்பது லட்சம் பேர். நாட்டின் சராசரியான தலைக்கு 2 டன் கரியமில வாயுவையே இவர்களுக்கும் போட்டால், அதிலுள்ள கார்பன் ஆண்டுக்கு 70 லட்சம் டன், நாளைக்கு 19,000 டன். நூற்றைம்பது ஆண்டுகளாக வளர்ந்து நிற்கும் பூங்கா முழுவதும் இந்த நகரத்தின் ஒரு நாள் புகைக்கு ஈடாகவில்லை. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் கதை மாறாது. இந்திய வனங்களின் நிலையைச் சொல்லும் 2023-ஆம் ஆண்டு அரசு அறிக்கை, நம் காடுகளில் மரம், சருகு, மண் எல்லாவற்றிலுமாக 728 கோடி டன் கார்பன் இருப்பதாகச் சொல்கிறது. அதில் பாதிக்கு மேல் மண்ணில் இருக்கிறது. இந்தியா ஆண்டுக்கு வெளியிடும் 300 கோடி டன் கரியமில வாயுவில் 82 கோடி டன் கார்பன் உண்டு. காஷ்மீர் முதல் குமரி வரை உள்ள எல்லாக் காடுகளும் சேர்ந்து ஒன்பது ஆண்டுப் புகைக்குக்கூடச் சமம் ஆகவில்லை.

அளவு ஒருபுறம் இருக்கட்டும். காலம்தான் உண்மையான சிக்கல். முதுமலையில் இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஆர். சுகுமாரும் அவர் குழுவினரும் 1988-இல் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்துத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். தீ வருகிறது, வறட்சி வருகிறது, யானை பட்டையை உரிக்கிறது. இளமரங்கள் சாகின்றன, புதியவை முளைக்கின்றன. காடு என்பது கார்பன் வந்து போகும் சத்திரம் என்பதை அந்தப் பதிவேடுகள் சொல்கின்றன. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் 10,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. சில நாள்களில் காற்றுக்குத் திரும்பிய கார்பனைச் சேர்க்க அந்தக் காட்டுக்குப் பல ஆண்டுகள் பிடித்திருக்கும். நிலக்கரியின் கார்பனோ கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்துக்கடியில், நெருப்பும் கரையானும் அண்டாத இடத்தில் கிடந்தது. அதை எடுத்து எரித்துவிட்டு மரம் நட்டுக் கணக்கை நேர்செய்தோம் என்பது, பத்தாயத்து நெல்லைத் தின்றுவிட்டு, மழைக்காலத்தில் முற்றத்தில் காயப்போட்ட நெல்லைக் காட்டி இருப்புச் சரியாக உள்ளது என்பதற்கு ஒப்பாகும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. உலகின் நிலப்பரப்பு ஆண்டுதோறும் நம் வெளியீட்டில் ஏறத்தாழ முப்பது விழுக்காட்டை உறிஞ்சிக்கொள்கிறது. காடுகள் இல்லையென்றால் காற்று இதைவிட மோசமாக இருந்திருக்குமே என்பார்கள். உண்மை. 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்கு 315 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நிலமும் கடலும் கைகொடுக்காமல் இருந்திருந்தால் அது எப்போதோ 500-ஐத் தாண்டியிருக்கும். ஆனால் அந்த முப்பது விழுக்காடு ஒவ்வோர் ஆண்டும் நமக்கு எழுதிக்கொடுத்த பங்கு அன்று. எல் நினோ வந்து வறட்சி கண்ட ஆண்டுகளில் அது சுருங்கிவிடுகிறது. மேலும், இந்த உறிஞ்சல் ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பது. நிற்கும் காட்டைக் காட்டி இன்னொரு டன் எரிக்க உரிமை கேட்பவர், நடந்து முடிந்த உதவிக்கு இரண்டாம் முறை ரசீது போடுகிறார்.

ஹெப்பாளுக்கு அப்பால், வேளாண் பல்கலைக்கழகத்தின் காந்தி கிருஷி விஞ்ஞான கேந்திர வளாகத்தில் செம்மண் வயல்கள் இருக்கின்றன. அங்கே 1978 முதல் கேழ்வரகை மானாவாரியில் பயிரிட்டு, ஒரு பாத்திக்கு ஒன்றுமே இடாமல், ஒன்றுக்கு ரசாயன உரம் மட்டும், ஒன்றுக்குத் தொழுவுரம், ஒன்றுக்கு இரண்டும் என்று நீண்டகாலச் சோதனை நடத்தி வருகிறார்கள். தொழுவுரமும் ரசாயன உரமும் சேர்ந்து கண்ட பாத்தியில்தான் மண்ணின் கார்பன் நன்றாகக் கூடியது. அதைவிட முக்கியமான முடிவு ஒன்றும் கிடைத்தது. மண்ணிலுள்ள கார்பன் குறையாமல் இருப்பதற்கே, ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் ஒரு டன்னுக்குச் சற்று மேல் கார்பன் உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். நிறுத்தினால் இறங்கிவிடும். வெயிலும் நுண்ணுயிரும் செம்மண்ணில் மட்கை நீண்ட காலம் விட்டுவைப்பதில்லை. மண்ணில் கார்பன் சேர்ப்பது உழவருக்கு நல்லது, நீர்ப்பிடிப்புக்கு நல்லது, விளைச்சலுக்கு நல்லது. அதற்காகவே செய்ய வேண்டும். ஒருமுறை சேர்த்துவிட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகிற இடமாக மட்டும் அதைக் கருதக் கூடாது.

இதே செடி, இதே சருகு வேறோர் இடத்தில் விழுந்தால் காலம் எப்படி நீள்கிறது என்று நீலகிரி சொல்கிறது. மலை உச்சிப் புல்வெளிகளுக்கும் சோலைகளுக்கும் இடையிலுள்ள சதுப்புப் பள்ளங்களில், குளிரிலும் நீரிலும் ஆக்சிஜன் எட்டாமல் அழுகாது கிடக்கும் தாவரக் கரி இருக்கிறது. அதன் ஐசோடோப்புகளைக் கொண்டு சுகுமாரும், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் ரமேஷும் அவர்களுடைய சகாக்களும் 20,000 ஆண்டுகளின் பருவமழை வரலாற்றை 1993-இல் எழுதினார்கள். செம்மண்ணில் சில ஆண்டுகளே தங்கும் இலை, சதுப்பில் பனியுகத்திலிருந்து காத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு பள்ளத்தை வெட்டி வடித்துவிட்டு அதன்மேல் ஆயிரம் மரம் நடுவது பசுமைப் பணி போலத் தெரியலாம், நடப்பது இழப்பு.

நீர் தேங்கினால் போதும், கார்பன் பத்திரம் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. பெல்லந்தூர் ஏரிக்கரையில் நின்றால் அது தெரியும். சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரிக்கு நகரத்தின் சாக்கடை பல பத்தாண்டுகளாக வந்து விழுந்தது. சூடான, சத்து மிகுந்த, ஆக்சிஜன் இல்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் கார்பனை மீத்தேனாக்குகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கும் வாயு அது. 2015-லும் 2017-லும் ஏரியில் தீ மூண்டது. 2018 ஜனவரியில் எரிந்தபோது ராணுவ வீரர்களும் வந்து அணைக்க வேண்டியிருந்தது. சலவைத்தூளின் நுரை சாலைவரை பறந்த படங்களை நாடு முழுவதும் பார்த்தது. அதே நீர் ஓசூரைத் தாண்டும்போது கெலவரப்பள்ளி அணை மதகுகளுக்குக் கீழே வெள்ளையாகப் பொங்குவதை அந்த ஊர் உழவர்கள் ஆண்டுக்காண்டு பார்க்கிறார்கள். சாக்கடையைச் சுத்திகரித்து, வரும் மீத்தேனைக் குழாயில் பிடித்து எரிபொருளாக்குவது, பெங்களூரு உண்மையாகவே செய்யக்கூடிய கார்பன் பணிகளில் முதல் வரிசையில் வரும். மரக்கன்று நடும் விழாவைப்போல அதற்குப் புகைப்படம் எடுக்க யாரும் வருவதில்லை.

ஆறுகளோடு இறங்கினால் அணைகள். 1934-இல் மேட்டூர் நிரம்பத் தொடங்கியதிலிருந்து காவிரியின் வண்டல் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. வண்டலோடு போக வேண்டிய கார்பனும் நின்றுவிடுகிறது. இது சிறு செய்தி இல்லை என்பது வங்கக் கடலுக்குப் போனால் விளங்கும். ஆறுகள் கொட்டும் நன்னீர் வங்கக் கடலின் மேல் மூடிபோலப் படிந்திருப்பதால் ஆழத்திலிருந்து சத்துகள் மேலே வருவது குறைவு. அரபிக் கடலைவிட இங்கே உயிர்வளம் மெலிவு. இருந்தும் ஆழ்கடலுக்கு இறங்கும் கரிமப் பொருள் அரபிக் கடலுக்கு இணையாக இருப்பதைக் கடலுக்குள் இறக்கிவைத்த பொறிகள் காட்டின. காரணம், ஆற்றுக் களிமண் துகள்கள் இறந்த மிதவை உயிர்களோடு ஒட்டிக்கொண்டு, கனமூட்டி, வழியில் அழுகுவதற்குள் அடியில் சேர்த்துவிடுகின்றன. இமயமலையிலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து குவித்த வங்க விசிறிப் படிவு 3,000 கிலோமீட்டர் நீளம். உலகிலேயே பெரிய கடலடி வண்டல் குவியல். இமயம் அரிபடுவதால் கார்பன் குறைந்ததில், பாறை கரைந்ததைவிட, வண்டலுக்கடியில் தாவரக் கார்பன் புதைந்ததன் பங்கே பெரிது என்று 1997-இலும் 2007-இலும் வந்த ஆய்வுகள் நிறுவின. கார்பனை நெடுங்காலம் காப்பது மண், அதுவும் ஓடி வந்து புதையும் மண். கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவே பிச்சாவரத்தில் சுரபுன்னை வேர்கள் செய்வதும் இதையே: வரும் சேற்றைப் பிடித்து, உப்பு நீரில், காற்றுப் புகாத அடுக்குகளாக வைக்கின்றன. சேறு வந்தால்தானே பிடிக்க முடியும்?

கடல் இவ்வளவு பெரிதாயிற்றே, அதனிடம் விட்டுவிடலாமே என்பது அடுத்த மறுப்பு. கடலில் 38 லட்சம் கோடி டன் கார்பன் இருக்கிறது. காற்றில் உள்ளதைப்போல் நாற்பது மடங்குக்கு மேல். நாம் விடுவதில் கால் பங்கை அது ஏற்கெனவே வாங்கிக்கொள்கிறது. ஆனால் வாங்குவது மேற்பரப்பு. ஆழ்கடலோடு அது கலக்க ஆயிரம் ஆண்டு அளவில் காலம் வேண்டும். மேற்பரப்பு நீரில் கார்பனேட் அயனிகள் தீரத்தீர, அடுத்த டன்னை வாங்கும் திறன் குறைகிறது. அதன் கார அமில அளவு (pH) 8.2-லிருந்து 8.1-க்கு வந்துவிட்டது, ஓடு கட்டும் உயிர்களுக்கு ஓடு கட்டுவதே கடினமாகிறது. கடல் வாங்க மட்டுமே செய்யும் என்பதும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமன் கரையோரம் ஆழத்து நீரை மேலே இழுக்கும்போது அரபிக் கடல் கரியமில வாயுவைக் காற்றுக்கு விடுகிறது. பழைய கார்பன் கதவு திறந்ததும் வெளியே வந்துவிடும்.

இப்போது புதிதாக ஒரு வழியைச் சொல்கிறார்கள்: பாறை மெதுவாகக் கரைந்தால், அதைப் பொடித்து வயலில் தூவினால் விரைந்து கரையுமே என்று. வேதியியல் சரி; சேமிப்பும் நீண்ட காலத்துக்கானது. தக்காணத்துக் கருங்கல்லான பசால்ட், நைஸைவிட வேகமாகக் கரையவும் செய்யும். ஒரு டன் பசால்ட் முழுவதும் கரைந்தால்கூட ஏறத்தாழ 0.3 டன் கரியமில வாயுவைத்தான் பிடிக்கும். இந்தியாவின் 300 கோடி டன்னுக்கு ஆண்டுதோறும் 1,000 கோடி டன் பாறையை வெட்டி, அரைத்து, லாரியில் ஏற்றித் தூவ வேண்டும். 2024-25-இல் நாம் வெட்டிய நிலக்கரி 100 கோடி டன்னுக்குச் சற்று மேல். ஒரு பங்கு கரியை விட்டுவைப்பதற்குப் பதிலாகப் பத்துப் பங்கு மலையை உடைப்பது எந்த நியாயத்தில் சேரும்? இந்த முறை ஆராயப்பட வேண்டும். சில வயல்களுக்கு நன்மையும் தரலாம். கரி எரிப்பதற்கு மாற்றாக அதை முன்வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் மரமே வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். இந்திய அறிவியல் நிறுவனப் பேராசிரியர் கோவிந்தசாமி பாலா, அங்கே சேர்வதற்கு முன் சகாக்களோடு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பமண்டலக் காடுகள் கார்பனைப் பிடிப்பதோடு நீராவியாலும் மேகத்தாலும் பூமியைக் குளிர்விக்கின்றன என்றும், பனிநாட்டுக் காடுகள் வெண்பனியை மறைத்து வெப்பத்தைக் கூட்டவும் கூடும் என்றும் காட்டினார். ஆகவே நம் நாட்டில் காட்டைக் காப்பதற்கு நியாயம் இரட்டிப்பு. நடுங்கள், வெட்டாதீர்கள், நிழலுக்காக, நீருக்காக, பறவைக்காக. எரித்த கரிக்குப் பதிலாக என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பெங்களூரு குறைக்க வேண்டியது எங்கே இருக்கிறது என்பதற்கு அதன் குழாய்நீரே போதும். காவிரியை 100 கிலோமீட்டர் தள்ளி தொரெகாடனஹள்ளியிலிருந்து, ஹாரோஹள்ளி, தாதகுணி என மூன்று நிலைகளில் இறைத்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றுகிறார்கள். ஆயிரம் லிட்டரை அவ்வளவு உயர்த்த, இயந்திர இழப்பும் சேர்த்து, சுமார் 2 யூனிட் மின்சாரம். 2024-இல் தொடங்கிய ஐந்தாம் கட்டத்தையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 220 கோடி லிட்டர். அதற்கு 44 லட்சம் யூனிட். கசியும் ஒவ்வொரு குழாயிலும் நீரோடு கரியும் ஒழுகுகிறது. இதே மாநிலத்தில், துமகூரு மாவட்டம் பாவகடாவில், 2,050 மெகாவாட் சூரிய மின் பூங்கா உழவர்களிடம் குத்தகைக்கு எடுத்த வறண்ட நிலத்தில் நிற்கிறது. அங்கிருந்து வரும் ஒவ்வொரு யூனிட்டும் எரிக்காமல் விட்ட கரி. பல கோடி ஆண்டுகளாக இருக்கும் இடத்திலேயே அது இருக்கும், காவலுக்கு ஆள் வேண்டாம். உங்கள் அடுக்ககச் சங்கமோ நிறுவனமோ மரம் நட்டுக் கார்பனைச் சமன்செய்துவிட்டதாகச் சான்றிதழ் நீட்டினால், மரங்களை நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டீசல் ஜெனரேட்டர் கணக்கையும் மின்கட்டண ரசீதையும் தண்ணீர்க் கசிவுக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள்.